எம்பாமிங் வேண்டுமா, எந்த அளவுக்கு? வயதைப் பொறுத்தும் பிரேதப் பரிசோதனையைப் பொறுத்தும் ஓர் ஒப்பீடு

பெட்டி எது, பூ எவ்வளவு, மண்டாய் தகனச்சாலைக்கு எத்தனை பஸ் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, இறுதிச்சடங்கு ஏற்பாடுகளைச் செய்து தரும் கேஸ்கெட்காரர் இதையும் கேட்டுவிடுவார்: "எம்பாம் பண்ணிடலாம்ல?" உடல் கெடாமலிருக்க உள்ளே மருந்து ஏற்றுவதுதான் எம்பாமிங். பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் மூத்த மகன் அல்லது மருமகன். ராத்திரி முழுக்க மருத்துவமனையில் நின்றவர். "எல்லாரும் செய்றதுதானே, செஞ்சிடுங்க" என்பார். இல்லாவிட்டால் பின்னால் நிற்கும் சித்தப்பா, "நம்ம ஆளுங்களுக்கு அதெல்லாம் எதுக்கு" என்று முடித்துவிடுவார். இரண்டு பதிலுமே இறந்தவரின் உடலைப் பார்த்துச் சொன்ன பதில் இல்லை.

கேஸ்கெட் தொழிலில் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்வி இப்போதும் என்னைத் தேடி வருகிறது. நான் முதலில் கேட்பது, எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று. இரண்டாவது, உடல் வீட்டிலிருந்து வந்ததா, வார்டிலிருந்தா, அல்லது பிரேதப் பரிசோதனை நடக்கும் அவுட்ராம் சவக்கிடங்கிலிருந்தா என்று. மூன்றாவது, வயது. செலவும் 'பேக்கேஜும்' அதற்குப் பிறகுதான்.

சிங்கப்பூர் வெயிலில் உடல் நெடுநேரம் தாங்காது. வெப்ப நாடுகளில் 12 முதல் 18 மணி நேரத்துக்குள்ளேயே வலது அடிவயிற்றில் பச்சை நிறம் தட்டத் தொடங்கலாம். பெருங்குடல் தொடங்கும் இடம் அது. கிருமிகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. காய்ச்சலோடும் ரத்தத்தில் கிருமித்தொற்றோடும் போனவர்களுக்கும் பருமனான உடல்வாகு உள்ளவர்களுக்கும் இது இன்னும் முந்தும். மருத்துவமனைக் குளிர்பெட்டியில் இருக்கும் நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. வெளியே எடுத்த பிறகு கழியும் நேரமே கணக்கு.

இதற்கு எதிராக நம்மிடம் இருக்கும் வழிகளில் எளிமையானது, எதுவும் செய்யாமல் விடுவது. காலையில் உடல் வந்து, குளிப்பாட்டி, கோடி போர்த்தி, சடங்கு முடித்து, அன்று மாலைக்குள் மண்டாய் போவதாக இருந்தால் எம்பாமிங் தேவையே இல்லை. முன்பெல்லாம் காகிதவேலையிலேயே நேரம் போய்விடும். 2022 மே 29 முதல், மருத்துவர் மரணத்தைச் சான்றளித்ததுமே பதிவும் தானாக நடந்துவிடுகிறது, சான்றிதழும் மின்னிலக்கமாக வந்துவிடுகிறது. அதனால் ஒரே நாளில் முடிப்பது முன்பைவிடச் சுலபம். நம் இந்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. எம்பாமிங் செய்யாவிட்டால் அப்பாவுக்கு ஏதோ குறை வைத்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

அடுத்தது குளிர். டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயுக் கட்டிகளைத் துணியில் சுற்றி முதுகுக்கு அடியிலும் வயிற்றின் மேலும் வைப்பார்கள். கெடத் தொடங்கும் இடம் வயிறு என்பதால் அங்கே வைப்பது சரிதான். ஒரு ராத்திரி தாண்ட வேண்டும், சென்னையிலிருந்து மகள் விடியற்காலை விமானத்தில் வந்து சேர வேண்டும் என்றால் இது பொருத்தமான வழி. மருந்து உள்ளே போகாது, உடலை எங்கும் கீற வேண்டியதில்லை, வாயைத் தைக்கவும் தேவையில்லை. குறைகளும் உண்டு. கட்டி நேரடியாகத் தோலில் பட்டால் தோல் உறைந்து நிறம் மாறும். அது கரைந்து தண்ணீராவதில்லை, கரியமில வாயுவாக மாறுகிறது. உடலை வைக்கும் குடியிருப்பு புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் காற்றோட்டம் இருப்பதால் கவலையில்லை. ஆனால் ஏர்கான் போட்டு ஜன்னலை மூடிய அறையில் வைத்துக்கொண்டு, பாட்டிமார் பெட்டிக்குள் முகத்தை விட்டு அழுவது ஆபத்து. இதைக் கேஸ்கெட்காரர்கள் எல்லாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மூன்றாவது வழிதான் எம்பாமிங். கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் சிறிதாகக் கீறி, கழுத்துத் தமனி வழியாக ஃபார்மால்டிஹைட் கலந்த திரவத்தைச் செலுத்துவார்கள். பக்கத்திலிருக்கும் சிரை வழியாக ரத்தம் வெளியேறும். பிறகு தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு துளையிட்டு, நீண்ட குழல் ஊசியால் வயிறு, மார்புக் குழிகளில் உள்ளதை உறிஞ்சி எடுத்துவிட்டு அடர்ந்த மருந்தை ஊற்றுவார்கள். பெரியவர் உடலுக்கு ஏறக்குறைய 23 கிலோ எடைக்கு 4 லிட்டர் திரவம் என்பது தொழிலில் சொல்லப்படும் பொதுக் கணக்கு. இதற்காக உடல் எம்பாமிங் கூடத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். இரண்டு மூன்று நாள் வைக்கப்போகிறவர்களுக்கு இதை விட்டால் வேறு நம்பகமான வழி கிடையாது. தமிழ்க் கிறிஸ்தவர் வீடுகளில் மாலை ஜெபக்கூட்டம் சில நாள் நடக்கும் என்பதால் அங்கே வேண்டுமா என்ற பேச்சே எழுவதில்லை, செய்துவிடுவார்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் ஒரு நாளுக்குள் அடக்கம் செய்துவிடுவார்கள், எம்பாமிங்குக்கு அங்கே இடமும் இல்லை.

இந்த மூன்று வழிகளுக்குள் எது என்று தேர்ந்துவிட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியது. எம்பாமிங் என்பது எல்லா உடலுக்கும் ஒரே மாதிரி செய்யும் வேலை இல்லை. அதைத் தெரிந்துகொண்டு பேசுகிற குடும்பத்துக்கும், தெரியாமல் தலையாட்டுகிற குடும்பத்துக்கும் கிடைக்கும் முகம் வேறு வேறாக இருக்கும்.

முதியவர்களிடமிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் கேள்வி அவர்களைப் பற்றித்தான். எண்பது தாண்டியவருக்குத் தொடைத் தமனி பெரும்பாலும் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகியிருக்கும், மருந்து போகாது. கழுத்துத் தமனி அந்த அளவுக்கு அடைத்துக்கொள்வதில்லை. அதனால் அனுபவமுள்ளவர்கள் அங்கிருந்தே தொடங்குவார்கள். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால்விரல் வரை மருந்து எட்டாது, கால்களுக்குத் தனியாக ஊசி போட வேண்டிவரும். முதியவர் தோல் காகிதம்போல மெல்லியதாகிவிடுகிறது. பிளாஸ்டர் பிரித்தாலே உரியும். ஊசி குத்திய இடங்களில் ஊதா நிறத் திட்டுகள் நிற்கும். கேஸ்கெட்காரரிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொன்னால் மென்மையாகக் கையாள்வார்கள், முழுக்கை ஜிப்பாவோ ரவிக்கையோ கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

இன்னும் முக்கியமானது, என்ன நோயில் போனார் என்பது. கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலையோடு இறந்தவருக்கு வழக்கமான ஃபார்மால்டிஹைட் கலவையைப் போட்டால் மஞ்சள் நிறம் பச்சையாக மாறிவிடும். பித்தத்தின் நிறமி அந்த மருந்தோடு வினைபுரிவதால் வரும் கேடு அது. அதற்கென்று மருந்தின் வீரியம் குறைந்த தனிக் கலவை உண்டு. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருந்தவருக்கோ நேர்மாறான சிக்கல். உடலில் தேங்கிய யூரியாவும் அமோனியாவும் மருந்தை முறித்துவிடும், வழக்கத்தைவிட வீரியமாகக் கொடுத்தாக வேண்டும். நம் சமூகத்தில் சர்க்கரையும் டயாலிசிஸும் எத்தனை வீடுகளில் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "அப்பாவுக்குக் கிட்னி போச்சு, மூணு வருஷமா டயாலிசிஸ்" என்ற ஒரு வரி எம்பாமிங் செய்பவருக்குப் பொன்னான தகவல். இறப்புச் சான்றிதழில் காரணம் எழுதியிருந்தாலும் வாயால் சொல்லிவிடுங்கள். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், எம்பாமிங் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தாலும்கூட. தகன உலையில் அதன் பேட்டரி வெடிக்கும், முன்பே எடுத்துவிட வேண்டும்.

முதியவரைப் பொறுத்தவரை நான் சொல்வது இதுதான். ஒரு நாளில் எடுப்பதாக இருந்து, நோய்வாய்ப்பட்டு மெலிந்த உடலாகவும் இருந்தால், விட்டுவிடுங்கள். நீர் கோத்து வீங்கிய உடல், படுக்கைப்புண், கிருமித்தொற்று இருந்தால், ஒரே நாளாக இருந்தாலும் எம்பாமிங்கே நல்லது. கசிவும் வாடையும் சடங்கின் நடுவில் வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு அதுவே கடைசி நினைவாகிவிடும்.

குழந்தைகள் விஷயத்தில் என் சாய்வு வேறு. கைக்குழந்தையின் உடலில் முக்கால் பங்கு நீர்தான். ரத்தக்குழாய்கள் நூல் கனம். பெரியவருக்குப் போடும் அழுத்தத்தில் கொஞ்சம் விட்டாலும் முகம் வீங்கிவிடும், வீங்கிய முகத்தைத் திரும்பப் பழையபடி கொண்டுவர முடியாது. எனவே மெல்லிய கலவையைக் குறைந்த அழுத்தத்தில், விட்டு விட்டுச் செலுத்துவார்கள். குழாய் அகப்படாவிட்டால் நெஞ்சுக்குள் இருக்கும் பெருந்தமனியையே தேட வேண்டிவரும். அதற்கு இன்னொரு கீறல். இத்தனையும் எதற்காக? கைக்குழந்தைகளை நம் வழக்கப்படி எரிப்பதில்லை, புதைப்பார்கள். சுவா சூ காங் இடுகாட்டில் இந்துக்களுக்கென்று பகுதி உண்டு. அன்றைக்கோ மறுநாளோ அடக்கம் நடந்துவிடும். அதுவரை குளிர் போதும்.

பெற்றோர் கேட்கத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தாய் பிள்ளையைக் கடைசியாக மடியில் வைத்துக்கொள்ள விரும்புவாள். மருந்து ஏறிய உடல் இறுகிவிடும், தோலிலும் வாடை நிற்கும். மருந்து ஏறாத பிள்ளை சில்லென்று இருந்தாலும் பிள்ளையாகவே இருக்கும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் இல்லாதவரை கைக்குழந்தைக்கு எம்பாமிங் வேண்டாம் என்றே சொல்வேன். கேஸ்கெட்காரர் வற்புறுத்தினால் காரணம் கேளுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு மற்ற நிபந்தனைகள் பெரியவர்களுக்குள்ளதுதான், மருந்தின் அளவும் வீரியமும் குறையும். இங்கே வேறு ஒரு காரணம் எம்பாமிங் பக்கம் இழுக்கும்: வகுப்புத் தோழர்கள், ஆசிரியர்கள் என்று கூட்டம் வரும், எல்லாரும் வந்து பார்க்க இரண்டு நாள் வைக்க வேண்டியிருக்கும். அதில் நியாயம் உண்டு.

இனி பிரேதப் பரிசோதனை. வீட்டில் திடீரென்று போனவர், விபத்து, வேலையிடத்தில் விழுந்தவர், காரணம் தெரியாமல் இறந்த சிசு போன்றவர்களின் உடல் காவல்துறை வழியாக, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வளாகத்தின் 9-ஆம் புளோக்கில் சுகாதார அறிவியல் ஆணையம் நடத்தும் சவக்கிடங்குக்குப் போகும். குடும்பத்தார் அங்கே போய் அடையாளம் காட்டுவார்கள். வெட்டிப் பார்க்க வேண்டுமா என்பதை மரண விசாரணை அதிகாரி முடிவு செய்வார். வேண்டாம் என்ற விருப்பத்தைக் குடும்பத்தார் சொல்லலாம், முடிவு அவர் கையில்தான். தேவையில்லை என்று அவர் சொல்லிவிட்டால் மேலே சொன்ன கணக்கே செல்லும். வெட்டப்பட்டுவிட்டால் கணக்கு அடியோடு மாறும்.

சாதாரண உடலில் கழுத்தில் ஓர் இடத்தில் மருந்து விட்டால் தலை முதல் கால் வரை போய்ச் சேரும். மேல்மாடித் தொட்டியிலிருந்து புளோக் முழுவதற்கும் தண்ணீர் வருகிற மாதிரிதான். பரிசோதனையில் உள்ளுறுப்புகளை வெளியே எடுக்கும்போது அந்தப் பெருங்குழாயே அறுந்துவிடுகிறது. ஓர் இடத்தில் விட்டால் வெட்டிய இடத்தில் கொட்டிவிடும். எனவே ஆறு இடங்களில் தனித்தனியாகச் செலுத்த வேண்டும்: தலைக்கு இரண்டு கழுத்துத் தமனிகள், கைகளுக்கு இரண்டு, கால்களுக்கு இரண்டு. இவை எதுவும் எட்டாத மார்பு, வயிறு, முதுகுச் சதைக்கு ஊசியால் அங்கங்கே ஏற்ற வேண்டும். உள்ளுறுப்புகளை அடர்ந்த மருந்தில் ஊறவைத்துப் பையிலிட்டுத் திரும்ப உள்ளே வைப்பார்கள். மண்டையோட்டின் மூடியைப் பொருத்தி, அசையாதபடி இறுக்கி, தலைத்தோலைத் தைப்பார்கள். சாதாரண எம்பாமிங்கைவிட நேரமும் கைவேலையும் பல மடங்கு. இந்த வேலைக்குக் கூடுதல் கட்டணம் கேட்டால் அநியாயம் என்று சண்டை போடாதீர்கள். ஆறு இடத்தில் செய்வார்களா, தலைக்குத் தனியாகச் செய்வார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

பயந்துபோய்க் கேட்பார்கள், "மூஞ்சி எப்படி இருக்கும்ணே?" முகத்தில் பொதுவாகக் கை வைப்பதில்லை. தலையில் கீறல் ஒரு காதின் பின்னாலிருந்து உச்சி வழியாக மறு காதின் பின்னால் போகும், முடி மறைத்துக்கொள்ளும். வழுக்கையாக இருந்தால் தலையணையை உயர்த்தி வைப்பார்கள், தலைப்பாகை கட்டினாலும் பொருந்தும். மார்பிலும் வயிற்றிலும் ஓடும் தையல் சட்டைக்குள் போய்விடும். சிசுவுக்கு இது கடினம். மண்டை எலும்புகள் சேராத வயது, பரிசோதனைக்குப் பிறகு தலையின் வடிவத்தைத் திரும்பப் பிடிப்பது கைதேர்ந்தவர்களுக்கே வரும். ஒரு பின்னல் தொப்பி கொண்டுபோய்க் கொடுங்கள்.

வெட்டிய உடலுக்கு எம்பாமிங் அழகுக்காக இல்லை, கசிவை நிறுத்தத்தான். சவக்கிடங்கில் தைத்துத்தான் கொடுப்பார்கள். அந்தத் தையல் உடலை ஒப்படைப்பதற்குப் போதும், பெட்டிக்குள் படுக்க வைத்து, தூக்கி, திருப்பி, சடங்கு செய்வதற்குப் போதாது. காலையில் வாங்கி நேராக மண்டாய் மண்டபத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே சுருக்கமாகச் செய்து முடிப்பதானால் எம்பாமிங் இல்லாமல் சமாளிக்கலாம். அந்த வழியைத் தேர்ந்த குடும்பங்கள் உண்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கொண்டுவரப்போவதாக இருந்தால், சில மணி நேரத்துக்கேயானாலும் எம்பாமிங் செய்துவிடுங்கள். பெரியவர்களின் வெட்டிய உடலில் டிரை ஐஸை நான் ஆதரிக்கவில்லை. குளிர் கெடுவதைத் தள்ளிப்போடும், கசிவை அடைக்காது.

சடங்கு எங்கே முட்டும் என்பதை முன்பே பேசிவிடுவது நல்லது. எம்பாமிங்கில் வாயை உள்ளிருந்து தைத்து மூடிவிடுவார்கள். வாய்க்கரிசியை உதட்டின் மேல்தான் வைக்க முடியும், வாய்க்குள் போடும் வழக்கமுள்ள வீடுகளில் இது மனக்கசப்பாகும். எம்பாமிங்குக்கு முன்பே மருத்துவமனையில் நெருங்கியவர்கள் கொஞ்சம் பால் ஊற்றிவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன், நல்ல யோசனை. குளிப்பாட்டுதல் அடுத்தது. எம்பாமிங் செய்த சாதாரண உடலைக் குளிப்பாட்டலாம். வெட்டிய உடலில் குடம் குடமாக ஊற்றக்கூடாது, தண்ணீர் தையலுக்குள் இறங்கும். எண்ணெய், சீயக்காய் வைக்கும்போது ஆளாளுக்கு உச்சந்தலையில் அழுத்தித் தேய்ப்பது வழக்கம், தலைத்தையல் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. நெற்றியில் மூன்று முறை தொட்டு வைத்துவிட்டு, ஈரத்துணியால் கை கால் துடைத்தால் போதும் என்று பண்டாரத்திடமோ பெரியவர்களிடமோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சடங்கு நடக்கும்போது சொன்னால் சண்டையாகும்.

கடைசியாக, ஊருக்கு அனுப்புவது. இங்கே வேலை பார்க்கும் தம்பிகளில் ஒருவர் இறந்தால், இரண்டு சிக்கலும் ஒன்றாக வரும்: இளம் வயது, பெரும்பாலும் பிரேதப் பரிசோதனை. இந்தியாவுக்கு உடலை அனுப்ப எம்பாமிங் சான்றிதழ் கட்டாயம். அதோடு இந்தியத் தூதரகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று, ரத்துசெய்த கடப்பிதழ், பெட்டியை மூடி முத்திரையிட்டதற்கான சான்று, இங்கிருந்து கொண்டுபோகத் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அனுமதி எல்லாம் வேண்டும். ஆகவே எம்பாமிங் வேண்டுமா என்பது இங்கே கேள்வியே இல்லை, எவ்வளவு வலுவாக என்பதே கேள்வி. திருச்சி வரை விமானம் நாலு மணி நேரம்தான். ஆனால் சரக்குக் கிடங்கு, சுங்கம், பிறகு புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்கு ஆம்புலன்ஸ், அங்கே பெட்டியைத் திறந்து ஊரே பார்ப்பது என்று இன்னொரு நாள் போகும். உள்ளூரில் ஒரு நாள் வைப்பதற்குப் போடும் அளவு இதற்குத் தாங்காது. முகம் சற்று இறுகித் தெரிந்தாலும் பரவாயில்லை என்று வலுவான கலவையையே கேட்க வேண்டும்.

மாற்று வழி, மண்டாயில் தகனம் செய்து அஸ்தியை ஒரு நண்பர் கையில் கொடுத்தனுப்புவது. வேகம், செலவு, காகிதவேலை எல்லாவற்றிலும் இதுவே சுலபம். உடல் மிகவும் சிதைந்திருந்தால் நான் இதையே சொல்வேன். அம்மா அப்பா அந்த முகத்தைப் பார்த்து வாழ்நாள் முழுக்கத் தூங்காமல் கிடப்பதைவிட இது மேல். முகம் நன்றாக இருந்தால் அப்படிச் சொல்ல மாட்டேன். வருஷக்கணக்கில் வாட்ஸ்அப்பில் மட்டுமே பார்த்த பிள்ளையை ஒரு முறை தொட்டுப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. செலவு காரணமாக அஸ்தி என்று யாராவது முதலாளி தரப்பில் பேசினால், ஒர்க் பெர்மிட் வைத்திருப்பவர் இறந்தால் இங்கே அடக்கமோ தகனமோ செய்வதற்கோ உடலை ஊருக்கு அனுப்புவதற்கோ ஆகும் செலவு முதலாளியின் பொறுப்பு என்று பெர்மிட் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. குடும்பத்திடம் கைப்பேசியில் கேட்கும்போது இரண்டு வழிகளையும் சொல்லிக் கேளுங்கள், சவக்கிடங்கில் உடலைப் பார்த்தவரையே பேச விடுங்கள்.